கார் ஏசியின் வடிகால்: ஒரு மறதியின் வரலாறு

கார் ஏசியில் கோளாறு என்றால் நம் ஊரில் முதலில் வாயில் வரும் சொல் 'கேஸ்'. குளிர் குறைந்தால் கேஸ் இறங்கிவிட்டது. வாடை வந்தால் கேஸ் கசிகிறது. சத்தம் கேட்டால் போன முறை கேஸ் ஏற்றியவர் எதையோ சரியாக முடுக்கவில்லை. முன்சீட்டில் இடப்பக்கம் உட்காருபவரின் கால்மிதியைத் தூக்கி, அடியில் விரிப்பு சொதசொதவென்று ஊறிக் கிடப்பதைப் பார்க்கும்போது மட்டும் கேஸைச் சொல்ல முடிவதில்லை. அப்போது பழி மழையின் மேலும் கதவு ரப்பரின் மேலும் விழுகிறது, ஒரு துளி பெய்யாத மே மாதத்தில்கூட. பெரும்பாலும் காரணம் இவற்றில் எதுவுமில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயில் பெட்டியிலிருந்து தண்ணீரை வெளியே விடும் விரல் பருமனான குழாய் தூர்ந்துபோயிருக்கும். பல கார்களில் அந்த அடைப்பை, வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி வைத்தே அரை மணி நேரத்தில் நீக்கிவிடலாம். இத்தனை எளிய சங்கதி ஏன் இத்தனை பேருக்குப் புதிராக இருக்கிறது? கார் ஏசியின் வரலாற்றைக் குளிரின் வரலாறாக மட்டுமே சொல்லி வந்திருக்கிறோம். அதில் சரிபாதி தண்ணீரின் வரலாறு. அந்தக் கருவி காரின் உடம்போடு ஒன்றிப்போன அளவுக்கு அதன் தண்ணீரும் கண்ணுக்கு மறைந்தது. கண்ணுக்கு மறைந்ததை மனமும் விட்டுவிட்டது. அடைத்துக்கொண்ட வடிகால் அந்த மறதியின் பலன் என்பதே இங்கே நான் சொல்ல வருவது.

முதலிலிருந்து தொடங்கலாம். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம் கோடைக் காலத்தில் திணறிக்கொண்டிருந்தது. காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தாள் விரிவதும் காய்ந்து சுருங்குவதுமாக இருந்தது. ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணத்தை அச்சடிக்கும்போது இரண்டும் பொருந்தாமல் விலகின. இதைத் தீர்க்க அழைக்கப்பட்ட இளம் பொறியாளர் வில்லிஸ் கேரியர், குளிர்ந்த குழாய்ச் சுருள்களின் மேல் காற்றை ஓடவிட்டு, அதிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக வடித்தெடுக்கும் ஏற்பாட்டை வரைந்தார். இன்று ஏசியின் பிறப்பாகக் கொண்டாடப்படுவது இதுதான். அங்கே வேலை செய்தவர்களுக்கு வியர்க்கிறது என்று யாரும் கேரியரைக் கூப்பிடவில்லை. தாளுக்கு ஈரம் ஆகவில்லை என்றுதான் கூப்பிட்டார்கள். காய்ந்த காற்றை இயற்கையிடமிருந்து இலவசமாகப் பெற்ற சிவகாசி, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பிறகு அச்சுத் தொழிலுக்கும் ஊரானதை நினைத்துப் பார்த்தால், புரூக்ளின் அச்சகம் எதை விலை கொடுத்து வாங்கியது என்பது நமக்குச் சட்டென்று விளங்கும். 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரும் ஈரத்தோடு சேர்ந்தே பிறந்தது. 1906இல் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்டூவர்ட் கிரேமர் என்ற நெசவாலைப் பொறியாளர். ஆலைக் காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறும் என்பது கோயம்புத்தூர் மில்களை அறிந்தவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. நூலுக்கு ஈரம் ஏற்றிப் பதப்படுத்துவதற்கு ஆலைகளில் இருந்த சொல்லைத்தான் அவர் காற்றுக்கும் சூட்டினார். ஆக, கருவி ஈரத்தை எடுக்கப் பிறந்தது. பெயர் ஈரத்தைச் சேர்க்கப் பிறந்தது. இரண்டிலும் குளிர்ச்சி நடுவில் இல்லை.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். தோற்றக் கதை எப்படியும் இருக்கட்டும், காரில் ஏசி போடுபவர் குளிருக்காகத்தானே போடுகிறார், தண்ணீர் வெறும் துணைவிளைவுதானே என்பார்கள். வாங்குபவரின் எண்ணம் அதுதான். கருவியின் உழைப்புக் கணக்கு வேறு. முப்பது டிகிரி வெப்பமும் முக்கால்வாசி ஈரப்பதமும் உள்ள சென்னைக் காற்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 23 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். கூலிங் காயிலைத் தாண்டும்போது அது பத்து டிகிரிக்கு இறங்கினால் ஒன்பது கிராமுக்கு மேல் தாங்காது. மிச்சம் உலோகத் தகடுகளில் துளித்துளியாகப் பூக்கும். நூறு கன மீட்டர் வெளிக்காற்று உள்ளே வந்தால் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர். ஆவியை ஒரு லிட்டர் தண்ணீராக்க ஏறத்தாழ 2,450 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்ச வேண்டும். அதே நூறு கன மீட்டர் காற்றை முப்பதிலிருந்து பத்துக்கு இறக்கவும் ஏறக்குறைய அவ்வளவே போதும். கூட்டிப் பார்த்தால், நம் கடலோர ஊர்களில் வெளிக்காற்றை இழுத்து ஓடும் கார் ஏசியின் உழைப்பில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பிரிப்பதிலேயே செலவாகிறது. எஞ்சின் எரிக்கும் பெட்ரோலில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. பாதி உழைப்பைத் தின்னும் ஒன்றைத் துணைவிளைவு என்று ஒதுக்க முடியாது. மழைநாளில் முன்கண்ணாடியில் படியும் பனியை ஏசி நிமிடத்தில் துடைத்தெடுப்பதும் இந்த ஈரம் நீக்கும் குணத்தால்தான்.

காருக்குள் குளிர்ச்சி கொண்டுவந்த முதல் முயற்சிகள் இதைத் தலைகீழாகக் காட்டுகின்றன. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலை நிலங்களில் 1930களிலிருந்தே கார் ஜன்னலில் ஓர் உருளையைத் தொங்கவிடும் வழக்கம் பரவியது. உள்ளே தண்ணீரும் அதில் நனைந்த நார்த்திண்டும் இருக்கும். வண்டி ஓடும் வேகத்தில் காற்று அதன் வழியே புகுந்து குளிர்ந்து வரும். நம் வெட்டிவேர்த் தட்டியின் தத்துவம்தான். காய்ந்த அரிசோனாவில் அது சுகம் தந்தது. அதையே மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய புழுக்கமான ஊர்களுக்கு ஓட்டிச் சென்றால், ஏற்கெனவே ஈரம் ததும்பும் காற்றில் இன்னும் கொஞ்சம் ஈரம் சேரும், பிசுபிசுப்புதான் மிச்சம். வேலூரில் தூங்கவைக்கும் ஏர்கூலர் சென்னைக் கடற்கரைப் பக்கம் வேலைக்கு ஆகாமல் போவதும் இதே கணக்கு. அந்த ஜன்னல் உருளைக்கு வடிகால் தேவைப்படவில்லை, ஏனென்றால் அது தண்ணீரைக் காற்றுக்குக் கொடுத்தது. காற்றிலிருந்து தண்ணீரை வாங்கும் கருவி காருக்குள் வந்த நாளில்தான் வடிகாலும் வந்தது.

அந்த நாள் 1939 நவம்பர். சிகாகோவில் நடந்த மோட்டார் கண்காட்சியில் பேக்கார்டு நிறுவனம் ஏசி பொருத்திய காரைக் காட்டியது. கூடுதல் விலை 274 டாலர். அன்றைக்கு அது சிறிய தொகை இல்லை. கம்ப்ரசரைத் தேவைப்படும்போது சேர்த்துத் தேவையில்லாதபோது விலக்கும் கிளட்ச் அதில் கிடையாது. ஏசியை நிறுத்த வேண்டுமென்றால் எஞ்சினை அணைத்து, மூடியைத் திறந்து, பெல்ட்டையே கழற்ற வேண்டும். குளிர்ச்சியை உண்டாக்கும் சுருள் பின்சீட்டுக்குப் பின்னால், பெட்டி வைக்கும் டிக்கியில் பெரும்பங்கு இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வாங்குவோர் குறைவு, போரும் வந்தது. சில ஆண்டுகளில் அந்த ஏற்பாடு மறைந்தது. 1953இல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் மறுபடி ஏசியைக் கொண்டுவந்தபோதும் சுருள் டிக்கியிலேயே இருந்தது. அந்தக் காலத்துக் காடிலாக் கார்களில் பின்கண்ணாடிக்கு அருகில் ஒளி ஊடுருவும் குழாய்கள் மேலேறி, கூரை வழியாகக் குளிர்காற்றைக் கொண்டுவரும். பார்க்க விநோதமாக இருந்தாலும் இந்த அமைப்பில் ஒரு நன்மை இருந்தது. வடியும் தண்ணீர் பயணிகளின் காலிலிருந்து தள்ளி, டிக்கிக்குக் கீழே தரையில் விழுந்தது. வடிகால் அடைத்தாலும் நனைவது பெட்டி படுக்கையாகத்தான் இருக்கும்.

திருப்பம் 1954இல் வந்தது. பிரிட்ஜ் தயாரித்த கெல்வினேட்டரோடு இணைந்திருந்த நேஷ் நிறுவனம், வெப்பமூட்டி, குளிரூட்டி, காற்றோட்டம் மூன்றையும் ஒரே அமைப்பாகச் சேர்த்து, முழுவதையும் எஞ்சின் மூடிக்கு அடியிலும் டேஷ்போர்டை ஒட்டியும் அடக்கியது. விலை 345 டாலர். காரின் பெயர் அம்பாசடர். நம் ஊர் அம்பாசடருக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தத்தைத் தவிர உறவில்லை. டிக்கி காலியானது, விலை இறங்கியது, பழுது பார்ப்பதும் சுலபமானது. பிற்பாடு வந்த கார்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த வழியைத்தான் பின்பற்றின. 1960 வாக்கில் அமெரிக்கக் கார்களில் ஐந்தில் ஒன்றில் ஏசி இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் புதுக் கார்களில் பாதிக்கு மேல். ஆனால் இந்த வெற்றியோடு ஒரு கடனும் வந்தது. ஈரத்தைப் பிரிக்கும் சுருள், முன்சீட்டுப் பயணியின் முழங்காலுக்கு எதிரே வந்து உட்கார்ந்தது. அதன் அடித்தட்டில் சேரும் தண்ணீர் வெளியேற எஞ்சின் அறைக்கும் பயணியர் அறைக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரில் ஒரே ஒரு துளை. அது அடைத்தால் தண்ணீர் போக வேறு இடமில்லை. பெட்டியின் விளிம்பைத் தாண்டி விரிப்பின் மேல்தான் வழியும். இன்றைய நனைந்த கால்மிதியின் விதை எழுபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த அந்த இடமாற்ற முடிவில் இருக்கிறது.

இடமாற்றத்தால் மட்டும் மறதி வந்துவிடவில்லை. 1950, 60களில் டெக்சாஸ் மாநிலத்தில், குறிப்பாக டல்லாஸ் வட்டாரத்தில், ஏசி இல்லாமல் வாங்கிய காருக்கு வெளியிலிருந்து ஏசி பொருத்தும் தொழில் செழித்தது. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெட்டியைத் தொங்கவிட்டு, அதன் தண்ணீர் போகக் காரின் தரைத்தகட்டில் துளை போட்டு ரப்பர் குழாயை இறக்குவார்கள். அழகில்லாத வேலைதான். ஆனால் வண்டிக்காரரின் கண்முன்னே குழாய் தொங்கியது. சொட்டுவது நின்றால் எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நம் நாட்டிலும் அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தில் பெரும்பாலும் இப்படித்தான் ஏசி பொருத்தினார்கள். போட்ட மெக்கானிக்கே துளையின் இடத்தைக் கைகாட்டிச் சொல்லுவார். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து, அடுத்த பத்தாண்டுகளில் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்திய கார் சாதாரணமானபோது அந்தக் கைகாட்டல் நின்றுபோனது. பெட்டி டேஷ்போர்டுக்குள் புதைந்தது. பொத்தானும் காற்று வரும் வாயும் மட்டுமே உரிமையாளருக்கு மிஞ்சின. கருவி பலருக்குக் கிடைத்த அதே வேளையில் அதைப் பற்றிய அறிவு சிலரிடம் ஒதுங்கியது.

அடைப்பு எப்படி உண்டாகிறது என்பதைப் பார்த்தாலே அது தற்செயல் இல்லை என்பது புரியும். சுருளின் தகடுகள் எப்போதும் நனைந்திருக்கும். காற்றில் வரும் தூசியும் மகரந்தமும் நூல்பிசிறும் அதில் ஒட்டி, தண்ணீரோடு கரைந்து அடித்தட்டுக்கு வரும். மரத்தடியில் நிற்கும் காரில் வேப்பம்பூவும் சருகுத் துணுக்கும் சேரும். இவற்றின் மேல் பூஞ்சை படிந்து கூழாகிக் குழாயின் வாயில் அப்பிக்கொள்ளும். வெளிமுனையில் சாலைச் சேறு தெறித்துக் காய்வதும், நாள்கணக்கில் ஓடாத வண்டியில் பூச்சிகள் அந்தத் துளையில் கூடு வைப்பதும் உண்டு. தேங்கும் நீர் இருந்தால் வண்டலும் இருக்கும் என்பது ஏரி கட்டிய நம் முன்னோருக்குப் பாலபாடம். பழைய ஏரிகளின் குமிழித்தூம்பில் தண்ணீர் இறங்க நீரோடித் துளையும், அடியில் படியும் சேறு வெளியேறத் தனியே சேறோடித் துளைகளும் வைத்தார்கள். நீருக்கு வழி விட்டால் போதாது, சேற்றுக்கும் விட வேண்டும் என்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். காரின் அடித்தட்டுக்கு ஒரு துளைதான். நீரும் சேறும் அதன் வழியாகவே போயாக வேண்டும். ஏரியின் தூம்பையும் காலத்துக்குக் காலம் தூர் எடுத்தார்கள். காரின் தூம்புக்கு அந்த முறை இல்லை.

இங்கே இரண்டாவது மறுப்பு வரும். 1990களிலிருந்து கார்களில் கேபின் ஃபில்டர் வந்துவிட்டது. தூசியும் சருகும் சுருளுக்குப் போகாமல் அது தடுக்கிறது. ஆகவே இது பழைய கார்களின் பிரச்சினை என்பார்கள். ஃபில்டர் பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நுண்தூசி முழுவதையும் பிடிப்பதில்லை. குழாயின் வெளிமுனையில் அப்பும் சேற்றுக்கும் பூச்சிக் கூட்டுக்கும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஃபில்டரும் அதே டேஷ்போர்டுக்குள், பல கார்களில் கையுறைப் பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது. மாற்ற மறந்த ஃபில்டர் ஈரமும் அழுக்குமாய்த் தானே பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். மறைவிடத்தில் வைத்த ஒரு பொருளின் குறையை மறைவிடத்தில் வைத்த இன்னொரு பொருளால் தீர்க்கப் பார்த்தால், மறக்க வேண்டியவை இரண்டாகின்றன.

மூன்றாவது மறுப்பு நியாயமானது. அதைப் பாதி ஏற்கலாம். இதெல்லாம் மெக்கானிக்கின் வேலை, தெரியாதவர் கைவைத்தால் கெடுத்துவிடுவார் என்பது அது. கெடுக்க முடியும் என்பது உண்மை. கூர்மையான கம்பியை வேகமாகக் குத்தினால் மெல்லிய அலுமினியச் சுருளில் ஓட்டை விழும். கேஸ் முழுவதும் போய், சில நிமிட வேலை ஆயிரக்கணக்கான ரூபாய்ச் செலவாகும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுப்பது உயிருக்கே ஆபத்து. கம்ப்ரசர் காற்றைக் கீழிருந்து வேகமாக அடித்தால் அழுக்கு மேலே சுருளுக்கே திரும்பும், குழாயின் மூட்டு உள்ளே கழன்றும் போகலாம். ஆனால் நிதானமாகச் செய்தால் வேலை சிறியது. முதலில் வழிந்தது என்ன தண்ணீர் என்று பார்க்க வேண்டும். நிறமும் மணமும் இல்லாமல், ஏசி ஓடினால் மட்டும் வருவது வடிகால் நீர். பிசுபிசுப்பும் நிறமும் இனிப்பு வாடையும் இருந்தால் அது ரேடியேட்டர் கூலன்ட். உடனே மெக்கானிக்கிடம் போக வேண்டும். மழை பெய்தால் மட்டும் வருவது வேறு வழி. வடிகால்தான் என்று உறுதியானால், எஞ்சின் ஆறிய பிறகு, பயணி உட்காரும் பக்கமாகத் தகட்டுச் சுவரின் கீழ்ப்பகுதியில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் மூக்கைத் தேட வேண்டும். பல சமயம் அதை விரலால் நசுக்கிவிட்டாலே சேறு உதிர்ந்து தண்ணீர் கொட்டும். இல்லையென்றால் முனை மழுங்கிய மெல்லிய நைலான் இழையைச் சில அங்குலம் மட்டும் மெதுவாகச் செலுத்தித் திருப்பலாம், அல்லது ஈரத்தையும் உறிஞ்சக்கூடிய வேக்குவம் கிளீனரைக் கீழ்முனையில் வைத்து இழுக்கலாம். குழாய் கைக்கு எட்டாத அமைப்பாக இருந்தால் விட்டுவிட வேண்டும். இதைத் தெரிந்துகொள்வதால் மெக்கானிக்கின் பிழைப்பு கெடாது. வடிகாலில் இருக்கும் கோளாறுக்குக் கேஸ் ஏற்றிக்கொண்டு திரும்பும் வீண்செலவுதான் மிச்சமாகும்.

அப்படித் தெரியாமல் விட்டால் வரும் நட்டம் நாற்றத்தோடு நிற்பதில்லை. விரிப்பின் அடியிலுள்ள பஞ்சு ஊறினால் வாரக்கணக்கில் காயாது. அதன் கீழே தரைத்தகடு துருப்பிடிக்கும். பல கார்களில் வயர்களும் இணைப்புகளும் அந்த வழியாகவே போகின்றன. அங்கே ஈரம் ஏறினால் சம்பந்தமே இல்லாத இடத்தில் விளக்கு எரியாது, எச்சரிக்கைக் குறி மின்னும். எங்கோ தொடங்கிய கோளாறு எங்கோ தலைகாட்டுவதால் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் கடினமாகிறது. ஆகவே அடைப்பை எடுத்ததோடு வேலை முடிவதில்லை. விரிப்பைத் தூக்கி அடியை உலரவிடுவதும் அதில் அடங்கும்.

கடந்த ஐம்பதாண்டு வரலாறு யாரை நினைவில் வைத்திருக்கிறது என்று பார்த்தால் இந்த வாதம் இன்னும் தெளிவாகும். பேக்கார்டு காலம் தொட்டுப் பயன்பட்ட ஆர்-12 கேஸ் ஓசோன் படலத்தை அரிப்பதாக 1974இல் அறிவியலாளர்கள் எச்சரித்தார்கள். 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. 1990களில் கார்கள் ஆர்-134ஏவுக்கு மாறின. அது புவியைச் சூடாக்குகிறது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் சட்டம் இயற்ற, ஆர்-1234ஒய்எஃப் வந்தது. கேஸுக்காக நாடுகள் கூடிப் பேசின. அது சரியானதுதான், வானத்தில் கலப்பது எல்லோரையும் பாதிக்கும். ஆனால் அந்த மாற்றங்களுக்கெல்லாம் நடுவில் வடிகால் அதே குட்டை ரப்பர் மூக்காகவே நின்றது. நன்றாக வேலை செய்வதால்தான் மாறவில்லை என்று வாதிடலாம். புவியீர்ப்பைவிட நம்பகமான பம்பு இல்லை என்பதும் சரி. நான் கேட்பது வேறு வடிவமும் இல்லை. எஞ்சின் ஆயில் அளவைப் பார்க்கும் குச்சிக்கு எல்லோருக்கும் எளிதில் தெரியும்படி மஞ்சள் வளையம் போடத் தெரிந்த தொழிலுக்கு, வடிகால் மூக்கையும் அப்படிக் காட்டத் தெரியாதா?

இந்தக் கேள்வி இனி பெரிதாகத்தான் போகிறது. 2025 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் அறையில் ஏசி கட்டாயம். நாற்பது டிகிரி வெயிலில் எஞ்சின் சூட்டோடு பன்னிரண்டு மணி நேரம் ஓட்டியவர்களுக்கு இது எப்போதோ கிடைத்திருக்க வேண்டிய உரிமை. ஆனால் அந்த லாரிகள் ஓடுவது மணல் குவாரியிலும் சிமெண்டுத் தூசியிலும் கடலோரச் சாலையிலும். காரைவிட வேகமாக அவற்றின் வடிகால்கள் தூர்ந்துபோகும். ஏசி கொடுப்பதோடு, அதன் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பதையும் ஓட்டுநருக்குக் காட்டிக் கொடுப்பது தயாரிப்பாளரின் கடமையாக வேண்டும். கார் வைத்திருப்பவர்களுக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. புழுக்கமான ஒரு நாளில் அரை மணி நேரம் ஏசி ஓடிய பிறகு வண்டியின் அடியைக் குனிந்து பாருங்கள். தரையில் ஈரவட்டம் இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. தரை காய்ந்திருந்தால் அந்தத் தண்ணீர் பெரும்பாலும் வண்டிக்குள்தான் இருக்கிறது.